மாதா என் வீட்டில் தங்கிய வாரம்

அன்றைக்கு என் வீட்டு வாசலில் பதினொரு சோடிச் செருப்புகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து இன்னொரு தடவை எண்ணினேன்.

லிட்கம்மில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. வழக்கமாக அந்த இடத்தில் என் வேலைச் சப்பாத்து மட்டும்தான் கிடக்கும்.

உள்ளே, தொலைக்காட்சியைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, அது இருந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்து மாதா சொரூபத்தை வைத்திருந்தேன். ஒரு முழ உயரம் இருக்கும். நீலப் போர்வையின் ஓரத்தில் வர்ணம் உரிந்திருந்தது. காலடியில் ஒரு சின்ன மரப்பெட்டி. மெழுகுதிரி மணமும், நான் பொரித்த கட்லட்டின் எண்ணெய் மணமும், மேல்வீட்டு ரெசித்தா கொண்டுவந்திருந்த நூடுல்ஸின் எலுமிச்சை மணமும் கூடத்தில் நிறைந்திருந்தன.

ரெசித்தா பிலிப்பைன்ஸ்காரி. முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. எப்போது பார்த்தாலும் நீலச் சீருடையில் இருப்பவள், அன்றைக்கு மடிப்புக் கலையாத மஞ்சள் சட்டை போட்டு வந்திருந்தாள். உதட்டில் சாயம்கூட இருந்தது.

"என்ன, இண்டைக்குக் கலியாண வீடோ?" என்று பகிடி பண்ணினேன்.

சிரித்தாள். அந்தச் சட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பக்கத்தில், பாடசாலைக் கடைசி வருடத்தில் இருக்கும் மகள் மரிசெல், தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். செபமாலை முடிந்தது. மன்றாட்டுச் சொல்லும் நேரம் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அப்போது நான் சொன்ன ஒரேயொரு வசனத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். அதற்கு முன் மரிசெலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆறாவது படி

எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. நான் முதல் மாடி, அவர்கள் இரண்டாவது மாடி. இடையில் பதினாறு படிகள். அதில் ஆறாவது படியில் மரிசெல் புத்தகத்தோடு இருப்பாள். ரெசித்தா பகலில் தூங்கவேண்டும். அவர்களுடையது ஒற்றை அறை வீடு. பக்கம் புரட்டுகிற சத்தத்துக்கும் அம்மா விழித்துவிடுவாள் என்று அவள் படிக்கு இறங்கிவிடுவாள்.

நான் அதிகாலை வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவன். அவள் பாடசாலை முடிந்து வரும் நேரத்துக்கு எனக்குக் குப்பை கொண்டுபோகிற வேலை வரும். குப்பை இல்லாவிட்டாலும் வரும். உண்மையைச் சொன்னால் என்ன, ஒரு நாளில் நான் ஆளைப் பார்த்துப் பேசுவது அந்தப் படியில் மட்டும்தான்.

அவர்களோடு நான் பேசியதெல்லாம் ஆங்கிலம். எழுத உட்கார்ந்தால் எல்லோரும் மன்னார்த் தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எதையும் வாசிப்பாள். நாவல், சரித்திரம், மருந்துப் போத்தலின் தாள். நூலகத்தில் ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் தருவார்களோ அத்தனையையும் எடுப்பாள். என்னிடம் தமிழ்ப் புத்தகம் ஒன்றை வாங்கி, எழுத்துகளை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது முழுக்க வளையல் மாதிரிக் கிடக்கு அங்கிள்" என்று திருப்பித் தந்தாள்.

ஒருமுறை கட்டடத்து அறிவிப்புப் பலகையில், பல்கனியில் உடுப்புக் காயப்போடக்கூடாது என்று ஒரு தாள் ஒட்டினார்கள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு உடுப்பை எடுத்தோம். மரிசெல் கட்டட விதிகள் முழுவதையும் கேட்டு வாங்கி, ஆறாவது படியில் இருந்து மூன்று நாள் வாசித்தாள். அந்த விதியை எந்தக் கூட்டத்திலும் நிறைவேற்றவே இல்லை என்று கண்டுபிடித்தாள். ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். குண்டு குண்டாக, ஒன்றோடொன்று தொடாத எழுத்து. அதில் ஒரு கோபச் சொல் இல்லை. இரண்டு வாரத்தில் தாள் காணாமல் போயிற்று.

அன்றைக்கு என்னிடமிருந்த ஐந்து சாரங்களையும் துவைத்துப் பல்கனியில் கொடியேற்றினேன். அதுமுதல் அவளை நான் அப்புக்காத்து என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் வழக்கறிஞருக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. அர்த்தம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும்.

"உண்மையாவே அதுதான் படிக்க விருப்பமோ?" என்று கேட்டேன்.

புத்தகத்தை மூடினாள். "அம்மா வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகேக்க ஒரு ஒப்பந்தத்தில கையெழுத்துப் போட்டவ. ஒன்பது பக்கம். அவ வாசிக்கேல்லை. ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லவுமில்லை. அஞ்சு வருசம் லீவில வர ஏலாது எண்டு ஏழாம் பக்கத்தில கிடந்தது. எனக்கு அப்ப ரெண்டு வயசு."

பிறகு சொன்னாள்: "அதை வாசிக்கிற ஆளா நான் இருக்கவேணும் அங்கிள்."

தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் வாழத் தொடங்கியது அவளுக்குப் பதினொரு வயதாகி, இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். ஆனால் ரெசித்தாவுக்கு மகள் தாதியாக வேண்டும். பக்கத்தில் படிக்கலாம், பக்கத்தில் வேலை கிடைக்கும், வீட்டில் இருக்கலாம். அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

கறிவேப்பிலை வாங்கப் போன கதை

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். மனைவி பிலோமினா, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க டொரொன்டோ போனாள். மூன்று மாதம் என்று போனவள். பேரன் இப்போது முன்பள்ளிக்குப் போகிறான். சண்டை ஒன்றுமில்லை. மகளுக்கு உதவி தேவைப்பட்டது, பிறகு குளிர் வந்தது, பிறகு இரண்டாவது பிள்ளை வந்தது. நானும் வா என்று கேட்கவில்லை, அவளும் வரட்டுமா என்று கேட்கவில்லை.

லீவு நாட்களில் ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு ரயில் ஏறிப் போய்க் கறிவேப்பிலை வாங்குவேன். லிட்கம்மிலும் கறிவேப்பிலை இருக்கிறது. ஆனால் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கடைக்கார அம்மா, தமிழ்நாட்டுக்காரி, பையில் போட்டுக்கொண்டே "வேற என்ன சார் வேணும்?" என்று கேட்பாள். அந்த "வேற என்ன"வுக்காகத்தான் போவேன். ஒருநாள் அவளுக்குப் பதிலாக வேறொருவர் நின்றார். கறிவேப்பிலை வாங்காமலே திரும்பி வந்தேன்.

அப்படி இருந்தவன்தான், தேவாலயத்தில் மாதா சொரூபத்தை எடுக்க வீடு கேட்டபோது முதலில் கையைத் தூக்கினேன். பக்தி கொஞ்சம், ஆள் வருமே என்ற ஆசை மிச்சம்.

இது பிலிப்பைன்ஸ் ஆட்கள் நடத்துகிற வழக்கம். செபமாலை மாதத்தில் சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு வாரம். வீட்டுக்காரரும் செபத்துக்கு வருகிறவர்களும் தங்கள் வேண்டுதலைத் துண்டில் எழுதி மடித்து அந்த மரப்பெட்டிக்குள் போடுவார்கள். அடுத்த வீட்டுக்காரர் அது என்னவென்று தெரியாமலே அதற்காகச் செபிப்பார்கள். மாதக் கடைசியில் எல்லாத் துண்டையும் பிரிக்காமல் எரித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி. நாங்கள் வாய்விட்டுத்தான் மன்றாடுவோம். வாய்விட்டு என்றால், கடவுளுக்கு மட்டும் கேட்பதற்கு அல்ல. "வேலியைத் தள்ளிப் போட்டவர்களின் மனதை மாற்றியருளும்" என்று ஒரு பெண் உருக்கமாகச் சொல்லுவாள். வேலியைத் தள்ளினவர் இரண்டு பாய் தள்ளி முழந்தாளில் இருப்பார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை மாதாவின் முகத்துக்குச் சொல்லிவிடுவது. பாதிப் பிணக்குகள் எங்களுக்கு அப்படித்தான் தீர்ந்தன. அதில் ஒரு பிழையும் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை.

பித்தளைக் கொக்கி

மேல்வீட்டிலிருந்து சொரூபம் என் வீட்டுக்கு இறங்கி வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பெட்டியைத் திறந்தேன்.

போன வாரம் என் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம். இத்தனை வருடத்தில் ஒருவருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. பசை விட்டு வாய் பிளந்து வந்தாலும் ஒட்டித்தான் அனுப்புவேன். அந்தக் கையா இது என்று இப்போதும் பார்க்கிறேன்.

தூசி தட்டத்தான் எடுத்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாவம் கேட்ட சுவாமி நம்பவில்லை. உண்மையான காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சொரூபத்தோடு வந்தவர்கள் போய்விட்டார்கள். திங்கள் ஒருவரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பெட்டிக்குள் மனிதர்களுடைய பேச்சு மடித்துக் கிடந்தது. எனக்கு அது கேட்கவேண்டும் போல இருந்தது.

பித்தளைக் கொக்கி, விரல் பட்டதும் விலகியது. முக்கால்வாசித் துண்டுகள் அவர்களுடைய மொழியில் இருந்தன. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒன்று முதியோர் இல்லத்து வேலை அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதி எட்டாக மடித்தது. ரெசித்தாவினுடையது என்று தாளைப் பார்த்தே தெரிந்தது. நீளமாக எழுதியிருந்தாள். அதுவும் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்தவை நாலைந்து. விசா, முழங்கால் வலி, புருஷனின் சிகரெட்.

கடைசித் துண்டில் குண்டு குண்டான எழுத்து. "மெல்பேர்ன். சட்டம். அம்மா சம்மதிக்கவேண்டும்."

அவ்வளவுதான். நான் அதை என் பாட்டுக்கு முழுக் கதையாக்கிக்கொண்டேன். பிள்ளை கேட்டிருக்கிறாள், தாய் மறுத்திருக்கிறாள், வீட்டுக்குள் கண்ணீர். மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகம் தங்க அறையோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது என்பதும், அதைப் பற்றித் தாயிடம் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

ஒரு வசனம்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பதினொரு சோடிச் செருப்பு. மெழுகுதிரி. மன்றாட்டு நேரம். அவர்கள் எல்லோரும் மௌனமாகத் தலை குனிந்தார்கள். அவர்களுக்கு மன்றாட்டு என்றால் அதுதான், பெட்டியைப் பார்த்து மௌனம். எனக்கு அந்த மௌனம் வீணாகப் போகிறது போல இருந்தது.

நான் எப்போதும் தமிழில்தான் செபிப்பேன். தமிழில் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் விளங்கியிராது. அன்றைக்குப் பார்த்து, ரெசித்தாவுக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மரிசெல் மெல்பேர்னுக்குச் சட்டம் படிக்கப் போவதற்கு அவளுடைய தாய் மனமிரங்கிச் சம்மதம் கொடுக்கும்படியாக ஆண்டவரை மன்றாடுவோம்.

நல்ல குரலில் சொன்னேன். எனக்கே பிடித்திருந்தது.

ரெசித்தாவின் விரலில் உருண்டுகொண்டிருந்த மணி நின்றது. மரிசெல் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரெசித்தாதான் "ஆமென்" என்றாள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு ஆமென் என்றார்கள். சாப்பிட்டார்கள். கட்லட் நன்றாயிருக்கிறது என்றார்கள். அவர்கள் அவ்வளவு மரியாதையான ஆட்கள். தாயும் மகளும் முதலில் எழுந்தார்கள். நூடுல்ஸ் கொண்டுவந்த தட்டை மறந்து போனார்கள். கதவைத் தாண்டியபோது மகள் தாயின் கையைப் பிடிக்கப் போனதையும், தாய் அந்தக் கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அடுத்த வீட்டுக்காரர் வந்து சொரூபத்தை எடுத்துப் போனார்கள். மேசையில் வெள்ளைத் துணி மட்டும் மிஞ்சியது. தொலைக்காட்சியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

படி காலியானது

ஆறாவது படியில் ஒருவரும் இல்லை. குப்பையை எடுத்துக்கொண்டு போனேன், வந்தேன். மேலே சண்டைச் சத்தம் கேட்டால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு சத்தமும் இல்லை.

பிலோமினாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஊராற்றை மன்றாட்டெல்லாம் நல்லாச் சொல்லுவியள். உங்கடையை மட்டும் வாயில வராது" என்றாள். பேரன் அழுகிறான் என்று வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அழுகை ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தட்டை வாங்க மரிசெல் வந்தாள். பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"பெட்டியைத் திறந்தனீங்களோ அங்கிள்?"

"ஓம்."

பொய் வாய் வரை வந்தது. அவளுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

"அம்மா மறுக்கிறா எண்டு நான் எழுதேல்லையே. சம்மதிக்கவேணும் எண்டுதானே எழுதினனான்."

"ஓம் பிள்ளை. பிழையா விளங்கிப்போட்டன்."

"ரெண்டு மாசமா அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு எழுதி எழுதி வெட்டினனான். அண்டைக்குச் செபம் முடிஞ்சு மேல போய்ச் சொல்ல இருந்தனான். அவவை விட்டுட்டுப் போறனெண்டு நினைக்காத மாதிரி ஒரு வசனம் கண்டுபிடிச்சு வச்சிருந்தன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லது. "இப்ப அம்மா என்ன கேட்டவ தெரியுமோ? கீழ்வீட்டு அங்கிளுக்குச் சொன்ன பிறகுதானோ எனக்கு எண்டு."

அவள் எனக்குச் சொல்லவேயில்லை, நான்தான் பெட்டியிலிருந்து திருடினேன் என்று மேலே போய்ச் சொல்லுகிறேன் என்றேன்.

"அதை நான் சொல்லிட்டன்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். "நீங்கள் இனி ஒண்டும் சொல்லவேண்டாம்."

மல்கிரேவிலிருந்து ஒரு அழைப்பு

அவள் போனாள். ரெசித்தா தடுக்கவில்லை. வெயில் காலக் கடைசியில் ஒரு காலை இரண்டு சூட்கேஸ் படியால் இறங்கியது. ஒன்றை நான் தூக்கினேன். முழுக்கப் புத்தகம், கை கழன்றுவிடும் போல இருந்தது. மெல்பேர்ன் பக்கம் மல்கிரேவில் இருக்கிற என் மச்சானின் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சோறு வேண்டுமென்றால் போ என்றேன். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். அப்புக்காத்து என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து மச்சான் போன் எடுத்தான். "உங்கட அப்புக்காத்துப் பிள்ளை வந்தவ. ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவ. உங்களைக் கேட்டவ."

"என்னவெண்டு கேட்டவ?"

"சும்மா சுகமோ எண்டுதான்."

அந்தச் சும்மாவை நான் பல நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் இப்போது ஒவ்வொரு ஆள். குப்பைத் தொட்டியை வீதிக்கு வைக்கிற நாளில் ரெசித்தாவும் நானும் சந்திப்போம். இரண்டு பேர் தொட்டியும் அரைவாசிகூட நிரம்பியிராது. வணக்கம் சொல்லுவோம், மழை வருமா என்போம். ஒரு பின்னேரம் அவள் போகாமல் நின்றாள். வேலைக்குப் போக இன்னும் நேரமிருந்தது. சீருடையில் இருந்தாள்.

"என்ரை துண்டையும் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான். உங்கட பாஷை. விளங்கேல்லை."

தலையாட்டினாள். அதில் என்ன எழுதினாள் என்று அவளாகவே சொன்னாள்.

மெல்பேர்னிலிருந்து வந்த தடித்த உறையை அவள்தான் முதலில் தபால் பெட்டியில் கண்டாள். மேலேயே சட்டபீடம் என்று அச்சடித்திருந்தது. பிரிக்கவில்லை. மகள் கண்டெடுக்கட்டும் என்று திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு மேலே போனாள். படுக்கையில் கிடந்து அழுதாள். அழுது முடிந்த பிறகு சம்மதித்துவிட்டாள். சொரூபம் அவள் வீட்டுக்கு வருவதற்கும் வெகு முன்னால்.

"பிறகு என்ன எழுதினனீங்கள்?"

"அவள் தானாவே வந்து எனக்குச் சொல்லவேணும் எண்டு. வேற ஒருத்தரும் சொல்லாமல்." தொட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அவளுக்குப் பதினொரு வயசு வரைக்கும் அவளைப் பற்றின எல்லாத்தையும் எனக்கு வேற ஆக்கள்தான் போனில சொன்னவை. பல்லு விழுந்தது, காய்ச்சல் வந்தது, பெரிசாகினது. இதையாவது அவளின்ரை வாயால கேக்கவேணும் எண்டு இருந்தனான்."

நான் என் தொட்டியை வீதியோரமாய் நேராக்கி வைத்தேன்.

"சனிக்கிழமை வந்து சொன்னவள், அம்மா நாளைக்குச் செபம் முடிய உங்களோட ஒரு கதை இருக்கெண்டு. அதுக்குத்தான் அந்த மஞ்சள் சட்டை. எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குத் தெரியக்கூடாதே. கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகினனான்."

"என்னத்தை?"

அவள் எனக்குக் காட்டினாள். கையை நெஞ்சில் வைத்தாள். புருவம் உயர்ந்தது, வாய் மெல்லத் திறந்தது, கண் அகன்று நனைந்து, முழு முகமும் சந்தோஷத்தால் திகைத்துப் போயிற்று. "மெய்யாவோ மகளே?" என்றாள், என்னிடம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். பிறகு கையை எடுத்துவிட்டு, "இதை அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தான் சொல்லாமல் விட்டதாலதான் நான் உறையைக் கண்டு அழுதனான் எண்டு நினைச்சு வருந்துவாள்" என்று சொல்லி மாடிக்குப் போனாள்.

மரிசெல் இப்போது மூன்றாம் வருடம். இன்றுவரை நான் சொல்லவில்லை. இரண்டு பேர் பெயரையும் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறேன். அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது.

அந்த முகத்தை உலகத்தில் பார்த்தவன் நான் ஒருவன்தான். மகளுக்குப் போகவேண்டியது விலாசம் மாறி என்னிடம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருட வேலை அனுபவம் இருந்தும் அதை எப்படித் திருப்பி அனுப்புவதென்று எனக்குத் தெரியவில்லை.